எத்தனை சிசி என்று கேட்பதற்கு முன் சங்கிலியைக் காட்டுங்கள்

புயல் எச்சரிக்கை இறங்கி, இனி வெளியே போகலாம் என்று வானொலியில் சொன்ன மறுநாள் காலை என் கொட்டகை வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். எல்லார் கையிலும் மரம் அறுக்கும் மெஷின். மொரீஷியஸில் நாங்கள் அதைக் கிரியோலில் ‘த்ரோன்சோனேஸ்’ என்று சொல்லியே பழகிவிட்டோம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து படிப்பவர்களுக்காக இங்கே செயின்சா என்றே எழுதுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, இதுல பவர் பத்தல. இன்னும் பெரிய எஞ்சினா எதை வாங்கலாம்?”

நான் எஞ்சினைத் தொட மாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, சங்கிலியில் ஒரு பல்லை வெயிலுக்குத் திருப்பிப் பார்ப்பேன். நன்றாகத் தீட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே இடமே இருக்காது. மழுங்கிய விளிம்பில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அந்தக் கோடு தெரிந்தால், எஞ்சினைப் பற்றிப் பேசும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

2024 ஜனவரி 15 அன்று, சரியாகப் பொங்கல் நாளில், பெலால் புயல் எங்களை அடித்தது. அந்த ஆண்டு தைப்பூசக் காவடி 25ஆம் தேதி. நடுவில் பத்தே நாள். எங்கள் ஊர்க் கோவில் வளாகத்தில் ஒரு பெரிய வாகை மரம், இங்கே ‘புவா நுவார்’ என்பார்கள், காவடி உள்ளே வரும் வழியை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. அடிமரம் ஒன்றரை அடி விட்டம் இருக்கும். விரதம் இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் என்று எல்லாரும் கூடிவிட்டோம். ஒரு தம்பி 60 சிசி மெஷின் கொண்டுவந்திருந்தார், இருபது அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளமான தகடு), வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னொருவர் எல்லாரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர். அவருடையது 35 சிசி, பதினான்கு அங்குல பார், பெயின்ட் எல்லாம் போன பழைய மெஷின்.

தம்பி நேராக வேர்ப்பக்கம் போய் ஆரம்பித்தார். அங்கே பட்டை முழுக்க மண். இரண்டாவது வெட்டு முடியும்போது பாரின் நுனி கீழே தரையையும் ஒரு தடவை தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த மெஷினிலிருந்து மாவு போன்ற தூள்தான் வந்தது. அவர் மெஷின்மேல் சாய்ந்து அழுத்த, புகை வர, வெட்டு வளைந்து போக, ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம் ஆனது. மாமாவோ கிளைப்பக்கம் இருந்து வந்தார். ஒவ்வொரு முறை எரிபொருள் தீர்ந்ததும் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து உருட்டு அரத்தை எடுத்து, பல்லுக்கு மூன்று இழுப்பு. ஐந்தாறு நிமிடம். பிறகு மறுபடி வெட்டு. மதியத்துக்குள் கிளைகள் எல்லாம் அடுக்கியாகிவிட்டன.

“மாமா, உங்க மெஷின்ல என்ன மாத்தியிருக்கீங்க?” என்று தம்பி கேட்டார். மாமா அரத்தைக் காட்டினார், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் தம்பியின் சங்கிலியை நான் தீட்டிக் கொடுத்தேன். 36 பல், மண்ணில் பட்டதால் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு இழுப்பு தேவைப்பட்டது. அப்புறம் அந்த 60 சிசி அடிமரத்தில் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! வாழைத்தண்டில் கத்தி போவதுபோலப் போனது. மாமாவின் மெஷினால் அந்த அடிமரத்தை அந்த வேகத்தில் ஒருநாளும் வெட்டியிருக்க முடியாது. ஆக எஞ்சின் அளவுக்கும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த அர்த்தம் வெளியே வர வேண்டுமானால் பல் கூராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிசி சொல்வதும் சொல்லாததும்

சிசி என்பது கன சென்டிமீட்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிருந்து மேலே போகும்போது எவ்வளவு இடத்தைத் துடைத்துக்கொண்டு போகிறதோ, அந்த இடத்தின் அளவு. இதைக் கணக்குப் போட சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் தெரிந்தால் போதும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, அதைப் பிஸ்டன் ஓடும் தூரத்தால் பெருக்க வேண்டும்.

ஒரு நிஜ உதாரணம். பெட்டியில் 58 சிசி என்று அச்சடித்த, பெயர் தெரியாத மலிவு மெஷின்கள் நிறைய வருகின்றன. அப்படி ஒன்றைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது அளந்தேன்: உள்விட்டம் 45.2 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 34 மில்லிமீட்டர். 4.52 பெருக்கல் 4.52 என்பது 20.43. அதை 0.7854ஆல் பெருக்கினால் 16.05. அதை 3.4ஆல் பெருக்கினால் 54.6. பெட்டியில் இருந்த 58 உள்ளே இல்லை. ஆகவே சிசி எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான சிசியே ஆனாலும் அது பானையின் அளவுதான். அந்தப் பானையில் எவ்வளவு பொங்குகிறது என்பது வேறு கேள்வி. காற்றும் பெட்ரோலும் எவ்வளவு நன்றாக உள்ளே நிரம்புகின்றன, புகை எவ்வளவு சுத்தமாக வெளியேறுகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, இவையெல்லாம் சேர்ந்துதான் திறன் வருகிறது. அதைக் கிலோவாட்டில் சொல்வார்கள். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 261, எம்எஸ் 271 இரண்டும் 50.2 சிசிதான். ஆனால் 261 தருவது 3.0 கிலோவாட், 271 தருவது 2.6. எடையிலும் 261 குறைவு, சுமார் 4.9 கிலோ; 271 சுமார் 5.6 கிலோ. முன்னது தினமும் காட்டில் வேலை செய்கிறவர்களுக்காகச் செய்தது, விலையும் அதற்கேற்ப. பின்னது தோட்டம், பண்ணை வைத்திருப்பவர்களுக்கானது. சிசி ஒன்று, மெஷின் இரண்டு. கடைக்குப் போனால் சிசி, கிலோவாட், எடை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

பேட்டரி செயின்சாவுக்கு சிசி கிடையாது. ஆனால் சங்கிலி பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

சரி, திறன் எதற்குத் தேவைப்படுகிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய வழி, மரத்துக்குள் ஒரே சமயத்தில் எத்தனை பல் இருக்கின்றன என்று எண்ணுவது. சிறிய, நடுத்தர மெஷின்களில் அதிகம் வருவது 3/8 அங்குல பிட்ச் சங்கிலி. பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தில் பாதி. அதில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் கிளையை வெட்டும்போது நாலு பல் உள்ளே இருக்கும். 45 சென்டிமீட்டர் அடிமரத்தில் பன்னிரண்டு. ஒவ்வொரு பல்லும் மரத்தைச் சீவ ஒரு இழுப்பு கேட்கிறது. பன்னிரண்டு பல் பன்னிரண்டு மடங்கு கேட்கும். எஞ்சினால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் சுற்று குறையும், சங்கிலியின் வேகம் குறையும், கிளட்ச் வழுக்கும், சூடேறும்.

இதனால்தான் சிறிய எஞ்சினுக்கு நீளமான பார் மாட்டக் கூடாது என்கிறோம். நீளமான பார் இருந்தால் பெரிய மரத்தை ஒரே வெட்டில் முடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதோடு அதிகமான பல், அதிகமான உராய்வு, அதிகமான எண்ணெய்த் தேவை எல்லாம் வருகின்றன. என் அனுபவத்தில் 30 முதல் 35 சிசிக்கு 12 அல்லது 14 அங்குலம், 40 முதல் 45 சிசிக்கு 16 அங்குலம், 50 சிசிக்கு 16 அல்லது 18, 60 சிசிக்கு 18 அல்லது 20, 70 சிசிக்கு மேல் போனால் 20 முதல் 25. இதற்கு மேலும் போகலாம். ஸ்டில் எம்எஸ் 881 என்று 121.6 சிசியில் ஒன்று இருக்கிறது, பெரிய அடிமரங்களைப் பலகையாக அறுக்க அது நல்ல மெஷின். நம் வீட்டு மாமரத்துக்கு அது எதற்கு?

வீட்டுத் தோட்டம், புயலில் விழும் கிளைகள், வருடத்துக்கு நாலைந்து முறை அடுப்புக்கட்டை, இவ்வளவுதான் வேலை என்றால் 35 முதல் 45 சிசிக்குள் நல்ல மெஷின் ஒன்று, 14 அல்லது 16 அங்குல பார். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன். எடையும் ஒரு காரணம். பார், சங்கிலி, எரிபொருள் சேராமலே 30 சிசி மெஷின் நாலு கிலோவுக்குப் பக்கம், 70 சிசி ஆறு கிலோ. காலையில் அந்த இரண்டு கிலோ தெரியாது. மாலை நாலு மணிக்குக் கை நடுங்கும்போது தெரியும். விபத்துகள் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

பல் எப்படி வெட்டுகிறது

ஆரம்ப காலத்துச் செயின்சா சங்கிலிகளின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே மேலே நீட்டிக்கொண்டு இருந்தன. அவை மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும், தீட்டவும் நேரமாகும். அமெரிக்காவில் ஜோசப் பூஃபர்ட் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர் 1946இல் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, மரத்துக்குள் குடைந்து போகும் ஒரு வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தை வெட்டிக்கொண்டு போயின. அதைப் பார்த்து அவர் செய்ததுதான் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும், கொக்கி போல வளைந்த சங்கிலி. அடுத்த ஆண்டு ஆரிகன் சங்கிலிக் கம்பெனியைத் தொடங்கினார். இன்று நம் கையில் இருக்கும் சங்கிலி எந்தக் கம்பெனியுடையதானாலும் வடிவம் அந்தப் புழுவிடம் கற்றதுதான். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். தச்சு வேலை பழகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

ஒரு பல்லைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். பின்பக்கம் ஒரு கூரை மாதிரித் தட்டு, மேலே தட்டையாக, பக்கத்தில் கீழே மடிந்து. அந்த மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலைதான் முதலில் மரத்தைத் தொடுகிறது. பக்கத்தகடு மரநாரைக் குறுக்கே அறுக்கிறது, மேல்தகடு அறுபட்ட நாரை அடியிலிருந்து பெயர்த்து எடுக்கிறது. பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு, சுறாவின் முதுகுத் துடுப்பு போல. அதை ரேக்கர் என்பார்கள். அது வெட்டாது. பல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று அதுதான் முடிவு செய்கிறது.

தச்சரின் இழைப்புளி தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். இழைப்புளியில் அலகு அடித்தளத்துக்குக் கீழே எவ்வளவு நீட்டுகிறதோ, அவ்வளவு தடிப்பில்தான் சீவல் வரும். இங்கே பல்லின் மேல் நுனி அலகு. ரேக்கரின் தலை இழைப்புளியின் அடித்தளம். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலான சங்கிலிகளில் 0.65 மில்லிமீட்டர். அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். பல்லுக்குப் பல் 37 மில்லிமீட்டர் என்றால், மரத்தில் ஒரு புள்ளியை வினாடிக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பற்கள் கடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒழுங்காக ஒரு சீவல் எடுத்தால் மெஷின் தன்னாலேயே உள்ளே இறங்கும், நீங்கள் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போனால் அத்தனை சக்தியும் உராய்வாக, சூடாகப் போகிறது. 60 சிசி எஞ்சின் கோவில் வாசலில் புகை விட்டது அதனால்தான்.

அரம் பிடிப்பது

முதலில் சரியான அரம். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கையில் கிடைத்த உருட்டு அரத்தை எடுத்துத் தேய்க்கிறார்கள். உங்கள் பாரில், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் முனையில், பிட்ச், கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணிகளின் தடிப்பு), அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தை அளந்து பாதியாக்குங்கள், அதுதான் பிட்ச். சிறிய மெஷினில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) சங்கிலிக்குப் பொதுவாக 4.0 மில்லிமீட்டர் அரம், .325 அங்குலத்துக்கு 4.8, பெரிய 3/8க்கு 5.2 அல்லது 5.5. சில கம்பெனிச் சங்கிலிகளில் சின்ன வித்தியாசம் இருக்கும், பெட்டியின் பின்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள். அரம் பெரிதானால் விளிம்பு மொண்ணையாக வரும். சிறிதானால் கொக்கி போல மெல்லியதாக வரும். முதல் இரண்டு வெட்டு அபாரமாக இருக்கும், உடனே போய்விடும்.

மெஷினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பாரை வைஸில் இறுக்குங்கள். காட்டிலோ தோட்டத்திலோ என்றால் விழுந்த கட்டையில் மெஷினாலேயே ஒரு சின்னப் பள்ளம் வெட்டி, அணைத்த பிறகு பாரை அதில் செருகிக்கொள்ளலாம். சங்கிலி பாரின் மேல் ஆடாமல் இருக்க அதைக் கொஞ்சம் அதிகமாக இறுக்குங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி தளர்த்துங்கள். மார்க்கர் பேனாவால் ஒரு பல்லில் புள்ளி வையுங்கள், எங்கே ஆரம்பித்தோம் என்று தெரிய.

அரத்தைப் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே, நுனியை நோக்கித் தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும். திரும்ப இழுக்கும்போது பல்லிலிருந்து தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் பாழ், விளிம்பும் பாழ். அரத்தைப் பாருக்குக் குறுக்கே நேராகப் பிடித்து, அதிலிருந்து 30 டிகிரி திருப்பினால் பெரும்பாலான சங்கிலிகளுக்குச் சரியான கோணம். பல்லின் மேல்தகட்டில் பின்ஓரமாக ஒரு சாய்ந்த கோடு பொறித்திருக்கும், அதற்கு இணையாக அரம் போனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். உயரம் முக்கியம்: அரத்தின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். இதற்கென்று ஒரு தகடு மாட்டிய அரம் கடையில் கிடைக்கும். ஆரம்பத்தில் அதை வாங்குங்கள், கையை அது பழக்கிவிடும்.

சத்தத்தைக் கேளுங்கள். மழுங்கிய பல்லில் முதல் இழுப்பு ‘சிர்ர்’ என்று வழுக்கும். இரண்டாவதில் பிடிக்க ஆரம்பிக்கும். மூன்றாவதில் சத்தம் தாழ்ந்து, மென்மையாக, ஒரே சீராக வரும், அரத்தின் அடியில் பொடி உதிரும். வெள்ளைக் கோடு மறைந்ததா என்று பாருங்கள். மறைந்துவிட்டால் அடுத்த பல்லுக்குப் போங்கள். ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மறுபக்கம் போய் நின்று மற்றவை. எந்தப் பல் மிகக் குட்டையோ அதை அளவாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நீளம் ஒன்றாக இருப்பது ஏன் முக்கியம்? வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் கை தளரும். மூன்று நாலு தீட்டலில் ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவும் கூராகவும், மறுபக்கம் குட்டையாகவும் மொண்ணையாகவும் ஆகிவிடும். அப்போது வெட்டு நேராக இறங்காது, கூரான பக்கத்துக்கு வளைந்து போகும். “பார் கோணிவிட்டது” என்று எத்தனையோ பேர் புது பார் வாங்கியிருக்கிறார்கள். பாரும் கோணும்தான், அதன் விளிம்பு ஒரு பக்கம் தேயும்தான். ஆனால் முதலில் பற்களை அளந்து பாருங்கள்.

இனி ரேக்கர். தீட்டத் தீட்டப் பல் பின்னால் தேயும், மேல்தகடு பின்பக்கம் சரிந்து இருப்பதால் உயரமும் குறையும். ரேக்கர் அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் சவரக்கத்தி போல இருந்தும் மரத்தைத் தொடாது. ரேக்கர் தடுத்துக்கொண்டு இருக்கும். தீட்டியும் வெட்டவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். மூன்று நாலு தீட்டலுக்கு ஒருமுறை, அளவுத் தகட்டைச் சங்கிலியின் மேல் வைத்து, துவாரத்தின் வழியே மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ரேக்கரை மட்டும் பட்டை அரத்தால் சமன் செய்ய வேண்டும். பிறகு அதன் முன்பக்க மூலையை லேசாக உருட்டிவிடுங்கள். 

அவசரத்தில் ரேக்கரை அதிகமாகத் தேய்த்துவிடாதீர்கள். வேகமாக வெட்டும் என்ற ஆசையில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பல் தேவைக்கு அதிகமாகக் கடிக்கும், மெஷின் உதறும், சிறிய எஞ்சின் நின்று நின்று போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரின் நுனி மேல்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த எகிறல் நடக்கும் வேகத்துக்கு மனிதக் கை ஈடு கொடுக்காது. வைரம் போன்ற வாகை, சவுக்கு மரங்களுக்கு 0.65க்குக் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது. பைன் போன்ற மென்மரத்துக்குக் கொஞ்சம் கூட விடலாம்.

கடற்கரைச் சவுக்கு

எங்கள் பக்கம், பெல் மார் கடற்கரை ஓரமெல்லாம் சவுக்கு மரம். ஃபிலாவோ என்பார்கள். புயலுக்குப் பிறகு அதை வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சவுக்கு மரமே கடினம், அதற்கு மேல் அதன் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பிலும் புயல் காற்று மணலை அடித்து நிரப்பியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. விரலால் ஒரு வெடிப்பைக் கீறிப் பாருங்கள், கையில் வெள்ளையாகக் கொட்டும். அதன் மேல் பல்லை வைத்தால் அரத்தின்மேல் பல்லை வைத்தது மாதிரி. அரை நிமிடத்தில் கூர் போய்விடும். ஒரு வெட்டுக்கத்தியால் வெட்டும் இடத்துப் பட்டையை முதலில் செதுக்கி எடுத்துவிட்டு, ஒரு தூரிகையால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஐந்து நிமிட வேலை, இரண்டு தீட்டல் மிச்சம்.

சங்கிலி வகையிலும் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். சதுர மூலை உள்ள பல் சுத்தமான மரத்தில் மிக வேகமாக வெட்டும், ஆனால் அந்த மூலை மண்ணிலும் மணலிலும் சீக்கிரம் உடையும். மூலை உருண்ட பல் கொஞ்சம் மெதுவாகத்தான் வெட்டும், ஆனால் கூர் நிற்கும். விழுந்த மரம், மணல் மரம், சாலையோர மரம் வெட்டுகிறவர்கள் உருண்ட மூலையே வாங்குங்கள். சாலையோர மரத்தில் ஆணியும் முள்கம்பியும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மரம் அவற்றை விழுங்கி மூடியிருக்கும்.

கடையில் சாணை மெஷினில் கொடுத்துத் தீட்டலாமா என்று கேட்பார்கள். கல்லில் பட்ட சங்கிலியை அப்படித்தான் மீட்க முடியும். ஆனால் தீட்டி வந்ததும் பல் நுனியைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூட்டில் இரும்பின் பதம் போய்விட்டது. அங்கே கூர் நிற்காது, கை அரமும் வழுக்கும்.

சங்கிலி கூராக இருந்தும் வேலை சரியில்லை என்றால் சங்கிலியின் இறுக்கத்தைப் பாருங்கள். மெஷின் ஆறியிருக்கும்போது, சங்கிலி பாரின் அடியில் தொங்காமல் ஒட்டி இருக்க வேண்டும், கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். புதுச் சங்கிலி முதல் நாளில் நீளும், அடிக்கடி பார்த்து இறுக்குங்கள். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்ட சங்கிலி ஆறும்போது சுருங்கும், அப்படியே இறுக்கி விட்டுவைத்தால் எஞ்சின் தண்டின் பேரிங்கை இழுக்கும். பாரின் பள்ளத்தில் அடைந்த தூளை வழித்தெடுங்கள், எண்ணெய்த் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள், பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். எண்ணெய் வருகிறதா என்று அறிய, ஒரு வெளிர்நிறக் கட்டைக்கு மேலே நுனியைக் காட்டி எஞ்சினை முறுக்கினால் கட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெஷின் வெட்டவில்லை என்றதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டர் திருகைத் திருகாதீர்கள். அந்தத் திருகை மூடினால் பெட்ரோல் குறையும், சுற்று ஏறும், சத்தம் கூர்மையாகும், பவர் வந்ததுபோலத் தோன்றும். ஆனால் இந்த எஞ்சினுக்கு உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது, லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. பிஸ்டன் சிலிண்டரில் உரசிக் கோடு விழுந்து ஒட்டிக்கொள்ளும். மழுங்கிய சங்கிலிக்கு வைத்தியமாக எஞ்சினையே கொன்ற மெஷின்கள் என் கொட்டகையில் ஒரு மூலை நிறைய இருக்கின்றன.

பல்லின் மேல்தகட்டில் பொறித்த அந்தச் சாய்ந்த கோடு வரைக்கும் தீட்டலாம். கோட்டைத் தொட்டுவிட்டால் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. புதுச் சங்கிலி மாட்டும்போது எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தையும் பாருங்கள். அதில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் புதுச் சங்கிலியையும் அது தின்னும். இரண்டு சங்கிலிக்கு ஒரு பல்சக்கரம் என்பது எங்கள் கணக்கு.

இங்கே புயல் காலம் நவம்பர் 1 அன்று தொடங்குகிறது. அக்டோபரில் கொட்டகையில் கூட்டம் இருக்காது. அப்போது மெஷினைக் கொண்டுவாருங்கள், கூடவே அதற்கு ஏற்ற அரத்தையும். முதல் நாலு பல்லை நான் போட்டுக் காட்டுகிறேன். மீதியை உட்கார்ந்து நீங்களே போடுங்கள்.